விளக்கிற்காக இழுக்கப்பட்ட கம்பி: தொடக்கக்கால மின் கண்டுபிடிப்புகளும் வீட்டுப் பயன்பாடும் (1879–1935)

ஆய்வுச் சுருக்கம்

மின் கண்டுபிடிப்புகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தவர் பெயர், ஆண்டு, கருவி என்னும் பட்டியலாகவே சொல்லப்படுகிறது. ஒரு கருவி கண்டறியப்பட்ட ஆண்டிற்கும் அது வீடுகளில் புழங்கத் தொடங்கிய ஆண்டிற்கும் இடையிலுள்ள கால இடைவெளியை அப்பட்டியல் மறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் மின்விளக்கு, மின் இஸ்திரிப்பெட்டி ஆகிய இரண்டையும் சான்றாகக் கொண்டு அவ்விடைவெளியில் நிகழ்ந்தவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வீட்டிற்குள் மின்சாரத்தைக் கொண்டுவந்தது விளக்கு. பகலிலும் அம்மின்சாரத்திற்கு ஒரு தேவையை உண்டாக்கியது இஸ்திரிப்பெட்டி. இவற்றுக்கு நடுவே நின்றவை மீட்டர், பிளக், கட்டண முறை ஆகிய எளிய அமைப்புகள் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மின்னிழை விளக்கு, பேர்ல் தெரு மின்நிலையம், மீட்டர், மின் இஸ்திரிப்பெட்டி, பிளக், மின்கட்டணம்

முன்னுரை

மின் இஸ்திரிப்பெட்டிக்கான அமெரிக்கக் காப்புரிமையை நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி 1882 ஜூன் 6 அன்று பெற்றார். அந்நகரின் முதல் பொது மின்நிலையமான பேர்ல் தெரு நிலையம் இயங்கத் தொடங்கியதோ அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்றுதான். அதாவது, கருவி பிறந்து மூன்று மாதங்கள் கழித்தே அதற்கு மின்சாரம் தரும் நிலையம் பிறந்தது. அந்நிலையத்தின் கம்பியும் கீழ் மன்ஹாட்டனின் ஒரு சிறு பகுதிக்கு அப்பால் செல்லவில்லை. மின் இஸ்திரிப்பெட்டி விற்பனையில் வெற்றி பெறுவதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்த இருபது ஆண்டுகளை எவ்வாறு விளக்குவது? கருவியின் குறைபாடு ஒரு காரணமே. முழுக் காரணம் அன்று. தாமஸ் ஹியூஸ் என்னும் தொழில்நுட்ப வரலாற்றறிஞர் 1983இல் வெளியிட்ட ‘நெட்வொர்க்ஸ் ஆஃப் பவர்’ என்னும் நூலில், மின்சாரத்தைத் தனிக்கருவிகளின் தொகுப்பாகக் கொள்ளாமல் ஓர் அமைப்பாகக் காணவேண்டும் என வலியுறுத்தினார். அப்பார்வையை ஏற்று, அமைப்பின் வீட்டுப்புற முனையில் நிகழ்ந்த மாற்றங்களை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

விளக்கும் தாமிரச் செலவும்

வோல்ட்டா 1800இல் அறிவித்த மின்கல அடுக்கு, தொடர்ச்சியான மின்னோட்டத்தை முதன்முதலில் தந்தது. 1831இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் டைனமோவிற்கு அடிப்படையாயிற்று. 1870களில் கிராம் உருவாக்கிய டைனமோவும் யாப்லோச்கோவின் வில் விளக்கும் பாரிஸ் நகரத் தெருக்களில் மின்னொளியைக் கொண்டுவந்தன. ஆயினும், வில் விளக்கின் ஒளி ஓர் அறைக்கு மிகையானது. அவ்விளக்குகள் தொடரிணைப்பில் கோக்கப்பட்டதால் தனித்தனியே ஏற்றி அணைப்பதும் எளிதன்று. எனவே அது தெருவிற்கும் தொழிற்கூடத்திற்கும் உரியதாகவே நின்றது.

வீட்டிற்கேற்ற மின்னிழை விளக்கை இங்கிலாந்தின் ஜோசப் ஸ்வானும் அமெரிக்காவின் எடிசனும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவாக்கினர். ஸ்வான் 1879 பிப்ரவரியில் நியூகாசில் நகரில் தம் விளக்கைப் பொதுமக்கள் முன் காட்டினார். எடிசன் அதே ஆண்டு அக்டோபரில் கரியாக்கப்பட்ட பருத்தி நூலைக் கொண்டு சோதனையில் வெற்றி கண்டார். 1880 ஜனவரியில் காப்புரிமை பெற்றார். இருவரின் நிறுவனங்களும் 1883இல் பிரிட்டனில் ஒன்றாக இணைந்தன. எனவே, விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்று ஒற்றை வரியில் கூறுவது பொருந்தாது. எடிசனின் தனிப் பங்களிப்பு வேறோர் இடத்தில் உள்ளது.

ஸ்வானின் தொடக்கக்கால விளக்கில் கரித்தண்டு தடித்ததாகவும் குறைந்த மின்தடை உடையதாகவும் இருந்தது. எடிசன் மெல்லிய, உயர் மின்தடை கொண்ட இழையை நாடினார். இதன் காரணத்தை ஒரு எளிய கணக்கால் விளக்கலாம். 100 வாட் திறன் கொண்ட விளக்கை 10 வோல்ட்டில் எரிக்க 10 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 100 வோல்ட்டில் 1 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். ஆகவே ஒரே கம்பியில் முன்னதன் இழப்பு பின்னதைப்போல் நூறு மடங்காகும். அவ்விழப்பைத் தவிர்க்க மிகத் தடித்த தாமிரக் கம்பி தேவைப்படும். தாமிரத்தின் விலையே எடிசனை மெல்லிய இழைக்கு இட்டுச்சென்றது எனலாம். அவர் விளக்கை மட்டும் வடிவமைக்கவில்லை. அதைத் தெரு முழுவதும் கொண்டுசெல்லும் கம்பியின் செலவையும் உள்ளடக்கி வடிவமைத்தார்.

இம்முயற்சியில் பிறர் பங்கும் குறிப்பிடத்தக்கது. கரி இழைகளைத் தயாரிக்கும் மேம்பட்ட முறைக்கு 1882இல் காப்புரிமை பெற்ற லூயிஸ் லேட்டிமர், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பெற்றோரின் மகனாவார். இழைக்கு உகந்த மூங்கிலைத் தேடி எடிசன் தம் ஆள்களை அயல்நாடுகளுக்கு அனுப்பியபோது, ஜப்பானின் கியோட்டோ அருகிலுள்ள யவாட்டா மூங்கில் சிறந்ததெனத் தேர்வாயிற்று.

அளக்கப்பட்ட மின்சாரம்

பேர்ல் தெரு நிலையம் ஏறத்தாழ 110 வோல்ட் நேர்மின்னோட்டத்தை நிலத்தடிக் கம்பிகள் வழியே வழங்கியது. அதன் போட்டியாளர் எரிவாயு. எடிசனின் வழக்கமான விளக்கு 16 மெழுகுவர்த்திகளின் ஒளியளவு கொண்டதாக அமைக்கப்பட்டது. அது ஓர் எரிவாயு விளக்கின் ஒளியை ஒத்தது. வாடிக்கையாளர் ஏற்கெனவே பழகியிருந்த ஒளியையே புதிய வழியில் விற்பது அவரது நோக்கமாயிருந்தது.

விற்பதற்கு அளவை தேவை. எரிவாயுவிற்கு மீட்டர் இருந்தது, மின்சாரத்திற்கு இல்லை. எடிசன் அமைத்த மீட்டர் ஒரு வேதியியல் கருவியாகும். துத்தநாக சல்பேட் கரைசலில் இரு துத்தநாகத் தகடுகள் அமிழ்த்தப்பட்டிருக்கும். வீட்டிற்குச் செல்லும் மின்னோட்டத்தின் ஒரு சிறு, திட்டமான பங்கு அதன்வழிச் செல்லும். பாரடேயின் மின்னாற்பகுப்பு விதிப்படி, சென்ற மின்னோட்டத்திற்கு ஏற்ப ஒரு தகட்டில் துத்தநாகம் கரைந்து மற்றதில் படியும். தகடுகளை நிறுவன ஊழியர் எடுத்துச்சென்று எடையிட்டுக் கட்டணத்தைக் கணக்கிடுவர். குளிர்காலத்தில் கரைசல் உறையாதிருக்க மீட்டர் பெட்டிக்குள்ளேயே ஒரு விளக்கு வைக்கப்பட்டது.

இதில் ஒரு சமூகச் சிக்கல் இருந்தது. தாம் எவ்வளவு பயன்படுத்தினோம் என்பதை வீட்டார் தாமே காண வழியில்லை. எடையிடுபவரின் சொல்லை நம்பவேண்டியிருந்தது. எண்முகப்புடன் கூடிய மீட்டரை எலிஹு தாம்சன் 1889இல் உருவாக்கிய பின்னரே, பயன்படுத்துபவர் தம் கணக்கைத் தாமே படிக்கும் நிலை வந்தது. மின்சாரம் அன்றாடப் பொருளாவதற்கு நம்பத்தக்க அளவையும் ஒரு முன்நிபந்தனை என்பதை இது உணர்த்துகிறது.

பகலில் உறங்கிய டைனமோ

விளக்கை நம்பிய மின்நிலையத்திற்கு ஒரு குறை உண்டு. பொழுது சாயும் வேளையில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்கும். அந்த உச்சத் தேவையைத் தாங்குமளவு இயந்திரங்கள் வேண்டும். பகலிலோ அவ்வியந்திரங்களுக்கு வேலை இல்லை. ஆனால் அவற்றை வாங்கிய கடனுக்கான வட்டி பகலிலும் ஓடிக்கொண்டிருக்கும். சிறு நகரங்களின் நிலையங்கள் பல, அந்தியில் தொடங்கி இரவிலேயே நிறுத்தப்பட்டன. அத்தகைய ஊரில் வீட்டிற்குள் கம்பி இருந்தும் பகலில் மின்சாரம் இல்லை. இஸ்திரி போடுவது பகல் வேலை. சீலியின் கருவி காத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கட்டண வழியில் இதற்குத் தீர்வு கண்டவர்களுள் சிகாகோவின் சாமுவேல் இன்சல் குறிப்பிடத்தக்கவர். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஆர்தர் ரைட் கையாண்ட உச்சத்தேவை மீட்டரை அவர் 1894இல் கண்டார். மொத்த நுகர்வோடு, எந்த அளவு உச்சம் கேட்கப்பட்டது என்பதையும் அளந்து, நீண்ட நேரம் பயன்படுத்துவோர்க்கு அலகு விலையைக் குறைக்கும் முறை அது. பகல்நேரப் பயன்பாட்டை விலையால் ஊக்குவிக்க இதனால் இயன்றது.

செவ்வாய்க்கிழமை மின்சாரம்

கருவி வழியில் தீர்வு கலிபோர்னியாவின் ஒன்டாரியோ என்னும் சிற்றூரிலிருந்து வந்தது. அங்கு மின்நிறுவனத்தில் பணிபுரிந்த ஏர்ல் ரிச்சர்ட்சன், மீட்டர் படிக்க வீடுவீடாகச் சென்றவர். எடை குறைந்த மின் இஸ்திரிப்பெட்டிகளைச் செய்து அவ்வீட்டுப் பெண்களிடம் சோதனைக்குக் கொடுத்தார். அமெரிக்க வீடுகளில் திங்கள் துவைக்கும் நாள். செவ்வாய் இஸ்திரி போடும் நாள். எனவே செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் நிலையத்தை இயக்குமாறு நிறுவனத்தை அவர் இணங்கச் செய்தார். வீட்டுவேலையின் கிழமை வழக்கம் மின்னுற்பத்தியின் கால அட்டவணையை மாற்றியது என்பது இங்குக் கருதத்தக்கது.

பயன்படுத்திய பெண்கள் ஒரு குறையைச் சுட்டினர்: பெட்டியின் நடுப்பகுதி மிகையாகச் சூடாகிறது, முனை போதிய அளவு சூடாகவில்லை. மடிப்புகளிலும் பொத்தான்களைச் சுற்றியும் தேய்ப்பதற்கு முனையே வேண்டும். ரிச்சர்ட்சன் வெப்பச்சுருளை முனைவரை நீட்டினார். சூடான முனை எனப் பொருள்படும் ‘ஹாட்பாயிண்ட்’ என்னும் பெயருடன் 1905இல் அது சந்தைக்கு வந்தது. காப்புரிமை ஏடுகளில் இடம்பெறாத அப்பெண்கள் இக்கருவியின் வடிவமைப்பில் பங்குபெற்றவர்களே ஆவர்.

ஹோல்டரிலிருந்து பிளக்கிற்கு

பகலில் மின்சாரம் கிடைத்தாலும் கருவியை எங்கே இணைப்பது என்னும் வினா எஞ்சியது. வீட்டுக் கம்பிகள் விளக்கிற்காகவே இழுக்கப்பட்டவை; அவை முடியும் இடம் விளக்கு ஹோல்டர். எடிசன் 1881இல் காப்புரிமை பெற்ற திருகு வகை அடிப்பகுதியே அமெரிக்காவில் பரவலாயிற்று. ஆகவே விளக்கைக் கழற்றிவிட்டு, இஸ்திரிப்பெட்டியின் கம்பியை அதே ஹோல்டரில் திருகினர். அவ்விளக்கிருந்த இடத்தில் அப்போது ஒளி இல்லை; கம்பி மேலிருந்து தொங்கியது; திருகும்போதெல்லாம் அதுவும் முறுக்கிக்கொண்டது.

ஹார்வி ஹப்பெல் 1904இல் காப்புரிமை பெற்ற பிரிக்கத்தக்க பிளக் இதனை எளிதாக்கியது. ஒரு பகுதி ஹோல்டரில் நிலையாகத் திருகப்பட்டிருக்கும். கருவியின் கம்பியில் உள்ள மறுபகுதியை அதில் செருகவும் பிடுங்கவும் இயலும். விளக்கின் இணைப்பைப் பிற கருவிகளுக்கும் உரிய பொது இணைப்பாக மாற்றியது இச்சிறு பொருள்.

அடுத்த தடை வெப்பச்சுருள். விளக்கின் கரியிழை காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் இருப்பதால் எரிந்துபோவதில்லை. ரொட்டி வாட்டும் டோஸ்டரின் சுருளோ திறந்த காற்றில் செந்தழலாக நிற்கவேண்டும். ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்ற நிக்கல்–குரோமியக் கலவை இதற்கு விடையாயிற்று. அதன் மேற்பரப்பில் உருவாகும் குரோமிய ஆக்சைடு படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. 1909இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டோஸ்டர் விற்பனைக்கு வந்தது.

கம்பி சென்றடையாத வீடுகள்

இவ்வளர்ச்சி எல்லாரையும் சென்றடையவில்லை. வீடுகள் நெருங்கியிருந்த நகரத்தில் கம்பிச் செலவு பலரிடையே பகிரப்பட்டது. பண்ணைகள் விலகிக் கிடந்த நாட்டுப்புறத்தில் அது இலாபமற்றதெனத் தனியார் நிறுவனங்கள் கருதின. 1930களின் நடுப்பகுதியிலும் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பதிற்கு மின்சாரம் இல்லை. 1935இல் கிராம மின்மயமாக்க நிர்வாகம் அரசால் அமைக்கப்பட்டது இதனாலேயே. டெக்சாஸ் மலைநாட்டுப் பெண்களின் வாழ்வை விவரித்த ராபர்ட் காரோ, 1982இல் வெளிவந்த தம் நூலின் அந்த இயலுக்கு, அடுப்பில் சூடேற்றும் கனத்த இஸ்திரிப்பெட்டியின் பெயரையே தலைப்பாக்கினார். கோடையிலும் விறகடுப்பை மூட்டி, ஏறத்தாழ மூன்று கிலோ எடையுள்ள இரும்பை மாற்றிமாற்றிச் சூடாக்கித் தேய்த்த வேலை அது.

மின்சாரம் வந்தவுடன் உழைப்பு அகன்றது என்றும் கூறிவிட இயலாது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்னும் நூல், கருவிகள் வேலையின் கடுமையைக் குறைத்தாலும், தூய்மை பற்றிய எதிர்பார்ப்பு உயர்ந்ததால் இல்லத்தரசியின் வேலைநேரம் அதே அளவிற்குக் குறையவில்லை என எடுத்துரைக்கிறது. கடுமை வேறு, நேரம் வேறு என்னும் இவ்வேறுபாடு வீட்டுக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர்க்கு இன்றியமையாதது.

முடிவுரை

மின் இஸ்திரிப்பெட்டி 1882இல் காப்புரிமை பெற்றது. 1905இல் பரவத் தொடங்கியது. 1935இலும் பெரும்பாலான பண்ணைகளை எட்டவில்லை. ஒரே கருவிக்குரிய இம்மூன்று ஆண்டுகளும் மூன்று வேறு வினாக்களுக்கு விடையாகின்றன: யார் முதலில் எண்ணினார், எப்போது பயன்படத்தக்கதாயிற்று, யாருக்குக் கிடைத்தது. பட்டியல் வரலாறு முதல் வினாவோடு நின்றுவிடுகிறது. மற்ற இரண்டிற்கும் விடை காண, கட்டண அட்டவணை, மீட்டர், விளம்பரம், பழுதுநீக்கும் கையேடு போன்ற எளிய ஆவணங்களை நாடவேண்டும். தமிழில் அறிவியல் வரலாறு எழுதுவோரும் இவ்வகை ஆவணங்களைத் திரட்டினால், கருவி வந்த ஆண்டோடு அது யார் கைக்கு எப்போது வந்தது என்பதையும் பதிவுசெய்ய இயலும்.