வில்லி ஓரீ எந்தப் பக்கம் ஆடினார்?

விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையை நாம் பெரும்பாலும் எண்களில்தான் படிக்கிறோம். வில்லி ஓரீயை அப்படித் தேடினால் கிடைப்பது இவ்வளவுதான்: வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது என்.எச்.எல்.லில், 45 ஆட்டங்கள், 4 கோல், 10 கோல்களுக்கு உதவி. இதைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார்: "நாலே நாலு கோல் போட்டவருடைய எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று பாஸ்டன் அணி எடுத்து வைத்துவிட்டதே, முதல் கறுப்பின வீரர் என்பதற்காக மட்டுமா?"

முதல்வர் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த நாலு கோலைக் குறைவு என்று சொல்வதற்கு முன் ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆடுதளத்திலிருந்தே தொடங்கலாம்.

ஐஸ் ஹாக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். மூலைகள் வளைந்திருக்கும், சுற்றிலும் இடுப்புக்கு மேல் வரும் தடுப்பு. பந்து கிடையாது. பக் என்கிற கெட்டி ரப்பர் வட்டுதான், 3 அங்குல விட்டம், 1 அங்குலக் கனம். துள்ளாமல் வழுக்கிப் போவதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதை உறைய வைத்துவிடுவார்கள். அணிக்கு ஆறு பேர். கோலைக் காப்பவர் ஒருவர், தடுப்பாட்டக்காரர் இருவர், முன்னால் மூவர். அந்த மூவரில் நடுவில் நிற்பவர் சென்டர், இடது ஓரம் லெஃப்ட் விங், வலது ஓரம் ரைட் விங். பக் வைத்திருப்பவரை உடம்பால் இடித்துத் தள்ளுவது விதிப்படியே சரி. ஒரு நிமிடம் முழு வேகத்தில் சறுக்கினாலே மூச்சு வாங்கும். அதனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

லெஃப்ட் விங் ஆடுபவர் எதிரணி கோலை நோக்கிப் போகும்போது அவருடைய இடது தோளை ஒட்டித் தடுப்பு. அந்தப் பக்கத்திலிருந்து பெரிதாக எதுவும் வராது. மற்ற எல்லாமே வலப்பக்கம்தான். சென்டர் தள்ளிவிடும் பக் வலமிருந்து வரும். இடிக்க வரும் எதிராளியும் வலமிருந்து வருவார். கோலும் வலப்பக்கம் இருக்கும்.

இப்போது வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது தோளுக்குப் பக்கத்தில் ஒரு டீ டம்ளரை நீட்டச் சொல்லிப் பாருங்கள். தலையைத் திருப்பாமல் தெரியாது. மூக்கு குறுக்கே நிற்கும். முகத்தை வலது தோள் வரை திருப்பி, இடது கண்ணால்தான் அதைத் தேட வேண்டும். தெரிந்த பிறகும் தூரம் சரியாகப் பிடிபடாது. கை டம்ளருக்கு ஒரு விரற்கடை முன்னால் போய் நின்றுவிடும். இதையே மணிக்கு நாற்பது கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில், கத்தி போன்ற தகட்டின் மேல் நின்றபடி, தலைக்கவசம் இல்லாமல் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரீ என்.எச்.எல்.லில் ஆடிய 45 ஆட்டங்களும் அப்படி ஆடியவைதான். வலது கண்ணில் பார்வை இல்லை, ஆடியதோ லெஃப்ட் விங். இது அணியில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் 1935இல் கனடாவின் கிழக்கே, நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் ஃபிரெடரிக்டனில் பிறந்தார். அடிமைத்தனத்திலிருந்து தப்பி கனடா வந்தவரின் வழிவந்த குடும்பம். பல பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. அந்த ஊர்க் குளிரில் வீட்டுப் பின்புறத்தில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டால் காலையில் ஆடுதளம் தயார். மிகச் சின்ன வயதிலேயே சறுக்கப் பழகிவிட்டார். பேஸ்பாலும் நன்றாக ஆடுவார். 1949இல் தன் பேஸ்பால் குழுவோடு நியூயார்க் போனபோது ஜாக்கி ராபின்சனைச் சந்தித்தார். பெரிய பேஸ்பால் லீக்குகளை வெள்ளையர்கள் தங்களுக்கென்று அடைத்து வைத்திருந்ததை 1947இல் உடைத்து உள்ளே போனவர் ராபின்சன். நான் ஹாக்கியும் ஆடுவேன் என்று பையன் அவரிடம் சொன்னான். ஹாக்கியில் கறுப்பினப் பிள்ளைகள் உண்டா என்று ராபின்சனுக்கே வியப்பு. 1962இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடி பார்த்தபோது அந்தப் பையனை அவர் நினைவு வைத்திருந்ததாக ஓரீ பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஹாக்கியில் கறுப்பினத்தவர் இல்லாமல் இல்லை. கனடாவின் கிழக்குக் கடற்கரையில் கறுப்பின பாப்டிஸ்ட் தேவாலயங்களைச் சேர்ந்தவர்கள் 1895லேயே தங்களுக்கென்று ஒரு லீக் தொடங்கி நடத்தினார்கள். என்.எச்.எல். பிறந்ததே 1917இல்தான். 1940களில் ஹெர்ப் கார்னெகி என்ற அருமையான ஆட்டக்காரர் இருந்தார். அவருக்கு என்.எச்.எல்.லின் கதவு கடைசிவரை திறக்கவில்லை. ஓரீயின் கதையை முதல்வர் என்ற ஒரு சொல்லோடு முடிக்கும்போது இவர்களெல்லாம் காணாமல் போய்விடுகிறார்கள். எனக்கு அது உறுத்தும்.

1955-56 பருவத்தில் ஓரீ ஒன்டாரியோவில் இளையோர் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டத்தில் கோலுக்கு முன்னால் நின்றபோது, வேகமாக அடித்த பக் மட்டையில் பட்டுத் திசைமாறி முகத்தில் பாய்ந்தது. மூக்கும் கன்ன எலும்பும் உடைந்தன. வலது கண்ணின் பார்வை ஏறக்குறைய முழுவதும் போனது. இனி ஹாக்கி வேண்டாம் என்றார் மருத்துவர். சில வாரங்களிலேயே அவர் மறுபடி தளத்தில் இறங்கிவிட்டார்.

ஒரு கண் தெரியாதவர் என்.எச்.எல்.லில் ஆடக் கூடாது என்று விதி இருந்தது. உண்மையைச் சொன்னால் அதே நாளில் எல்லாம் முடிந்துவிடும். மிக நெருக்கமானவர்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடமே கியூபெக் ஏசஸ் என்ற தொழில்முறை அணியில் சேர்ந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் மில்வாக்கி பிரேவ்ஸ் பேஸ்பால் அணியும் ஜார்ஜியாவில் நடந்த பயிற்சி முகாமுக்கு அழைத்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒரு கழிப்பறை, மற்றவருக்கு வேறு என்று பலகை தொங்கிய காலம். தேர்வாகவில்லை, பேருந்தில் ஊர் திரும்பினார். பின் இருக்கையில்தான் உட்கார வேண்டியிருந்தது. பேருந்து வடக்கே போகப் போக ஒவ்வொரு வரிசையாக முன்னே நகர்ந்து, கனடாவுக்குள் நுழையும்போது முன்னால் உட்கார்ந்திருந்ததாக அவர் சொல்வார். பேஸ்பால் அதோடு சரி.

1958 ஜனவரி 18. பாஸ்டன் புரூயின்ஸ் அணியில் ஆள் குறையவே, கியூபெக்கிலிருந்து ஓரீயை அழைத்தார்கள். மாண்ட்ரியால் ஃபோரம் அரங்கம், எதிரே மாண்ட்ரியால் கனேடியன்ஸ். 1956இலிருந்து 1960 வரை ஐந்து வருடம் தொடர்ந்து லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி அது. அன்று பாஸ்டன் 3-0 என்று ஜெயித்தது. இன்னும் ஓர் ஆட்டம் ஆடவிட்டு அவரைக் கியூபெக்குக்கே அனுப்பினார்கள். பாஸ்டன் நகரத்தின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின வீரரைச் சேர்த்தது 1959 ஜூலையில்தான். அந்த ஊரில் ஹாக்கி முந்திக்கொண்டது.

அவர் மறுபடி மேலே வர இரண்டு பருவங்களுக்கு மேல் ஆனது. இங்கேதான் ஒரு ஹாக்கி வீரரின் பிழைப்பு எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1942இலிருந்து 1967 வரை என்.எச்.எல்.லில் ஆறே அணிகள்: பாஸ்டன், சிகாகோ, டெட்ராய்ட், மாண்ட்ரியால், நியூயார்க், டொரன்டோ. மொத்தம் சுமார் 120 இடம். கனடா முழுக்கக் கால் முளைத்த பையன்களெல்லாம் சறுக்கிக்கொண்டிருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் 120 இடம். ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால் வீரர் அந்த அணியின் சொத்து மாதிரி. வைத்துக்கொள்வதும், கீழே இருக்கும் சிறு லீக் அணிக்கு அனுப்புவதும், வேறு அணிக்கு விற்பதும் முதலாளியின் இஷ்டம். 1957இல் டெட்ராய்ட் அணியின் டெட் லிண்ட்சே என்ற பெரிய நட்சத்திரம் வீரர்களைத் திரட்டிச் சங்கம் அமைக்கப் பார்த்தார். அதே வருடம் அவரைத் தூக்கிச் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கே அந்தக் கதி.

1960-61இல் ஓரீ பாஸ்டனுக்காக 43 ஆட்டங்கள் ஆடினார், 22ஆம் எண் சட்டையில். 1961ஆம் ஆண்டின் முதல் நாள் பாஸ்டன் கார்டனில் மாண்ட்ரியாலுக்கு எதிராகத் தன் முதல் கோலைப் போட்டார். ஆட்டம் 3-2, வெற்றியைத் தந்தது அந்தக் கோல்தான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வெளியூர்களில் கதை வேறு. வசை எங்கும் இருந்தது, சிகாகோவில் ஓர் எதிராளி மட்டையின் பிடிமுனையால் முகத்தில் குத்தி முன்பல் இரண்டை உடைத்தார். பருவம் முடிந்தபோது அடுத்த ஆண்டும் நீ இங்கேதான் என்று சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில் மாண்ட்ரியாலுக்குக் கைமாற்றிவிட்டார்கள். நட்சத்திரங்கள் நிரம்பி வழிந்த மாண்ட்ரியாலில் இடம் ஏது? அங்கிருந்து சிறு லீக், அதே வருடக் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பிளேட்ஸ் என்ற இன்னொரு சிறு லீக் அணி. என்.எச்.எல்.லுக்கு அவர் திரும்பவே இல்லை.

அவர் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு அந்த நாலு கோலைக் காரணம் காட்டுவார்கள். அந்தக் கோல்கள் வந்த பக்கத்தை யோசியுங்கள். தெரியாத கண் இருக்கும் பக்கமே ஆட்டம் முழுவதும் நடக்கிறது. 'என்னை வலது ஓரத்துக்கு மாற்றுங்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோன்றும். ஏன் என்று பயிற்சியாளர் கேட்டால் என்ன சொல்வது? அவரைத் தளத்தில் வைத்திருந்த ரகசியமே அவருக்குத் தகுந்த இடத்தைக் கேட்க விடாமல் வாயைக் கட்டியது. இந்த வாழ்க்கையில் என்னை மிகவும் வருத்துகிற விஷயம் இதுதான்.

லாஸ் ஏஞ்சல்ஸில் கேட்காமலே கிடைத்தது. 1964-65 பருவத்தில் பயிற்சியாளர் அவரை ரைட் விங்குக்கு மாறி ஆடச் சொன்னார், கண்ணைப் பற்றி எதுவும் தெரியாமலே. வலது ஓரத்தில் எல்லாம் தலைகீழ். தடுப்பு, தெரியாத கண்ணின் பக்கம் போய்விட்டது. பக், எதிராளி, கோல் எல்லாம் இடப்பக்கம், நல்ல கண்ணுக்கு நேரே. இன்னொரு வசதியும் உண்டு. ஓரீ மட்டையை இடப்பக்கமாகப் பிடிப்பவர். மட்டையின் முகம் இடுப்புக்கு இடப்பக்கம் ஐஸில் படிந்திருக்கும். லெஃப்ட் விங்கில் சென்டரிடமிருந்து வரும் பக் உடம்பைத் தாண்டி வந்தால்தான் அதில் சேரும். வலது ஓரத்தில் நேராக மட்டைமேலேயே வந்து விழும், எடுத்த கையோடு அடிக்கலாம். தடுப்பை ஒட்டி வரும் பக்கைப் புறங்கை வாட்டில் வாங்குவது மட்டும் சற்றுச் சிரமம்.

அந்தப் பருவத்தில் 38 கோல். தூரம் பிடிபடாத கண் அதேதான், வயது மட்டும் கூடியிருந்தது. சிறு லீக் என்பதால் கோல் கூடியது என்று ஒருவர் சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஆறே அணி இருந்த காலத்துச் சிறு லீக்கை எளிதாக நினைக்கக் கூடாது. மேலே இடமில்லாமல் நின்ற நல்ல ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த லீக்கில் அவரே முன்பு சில பருவம் இடது ஓரத்தில் ஆடியிருக்கிறார். 38 அப்போது வரவில்லை.

1967இல் என்.எச்.எல். ஆறிலிருந்து பன்னிரண்டு அணிகளாகப் பெருகியது. லாஸ் ஏஞ்சல்ஸுக்கே ஒரு புது அணி வந்தது, கிங்ஸ். இடம் இரட்டிப்பானது, ஓரீக்கு அழைப்பு வரவில்லை. அவருக்கு வயது 32. பிளேட்ஸ் அணி மூடிக்கொண்டது. அவர் சுமார் 200 கி.மீ. தெற்கே, சான் டியாகோ கல்ஸ் அணிக்குப் போனார். அங்கே குளிர்காலத்திலும் வெயில் அடிக்கும். கான்கிரீட் தரைக்கடியில் குழாய் பதித்து, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த உப்புநீரை ஓடவிட்டு, மேலே தண்ணீர் தெளித்து ஐஸ் உண்டாக்கி ஆடினார்கள். கடற்கரை ஊர் ஹாக்கிக்குப் பழகிப்போனது, ஓரீயும் அந்த ஊர்க்காரராகிவிட்டார். 1968-69இல் மறுபடி 38 கோல். இரண்டு முறை கோல் கணக்கில் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார்.

அடுத்த கறுப்பின வீரரை என்.எச்.எல். கண்டது 1974இல்: வாஷிங்டன் கேபிடல்ஸ் அணியின் மைக் மார்சன். ஓரீ கடைசியாக அங்கே ஆடியது 1961இல். நடுவில் பதின்மூன்று ஆண்டுகள். இத்தனைக்கும் இடையில் அணிகள் பல மடங்கு பெருகியிருந்தன. ஓரீ திரும்பாததற்குக் கண்ணைச் சொல்லலாம், கைமாற்றத்தைச் சொல்லலாம். வேறு ஒருவருமே வராததற்கு இந்தக் காரணங்கள் பொருந்தாது. நிறத்தைத்தான் சொல்ல வேண்டும்.

1979இல், 43 வயதில், சான் டியாகோவிலேயே ஆட்டத்தை முடித்தார். புதிதாகச் சேரும் வீரர்கள் தலைக்கவசம் போட்டே ஆக வேண்டும் என்று என்.எச்.எல். விதி கொண்டுவந்ததும் அதே வருடம்தான். அதன்பின் அவர் பார்த்த வேலைகளில் ஒன்று ஓர் ஓட்டலில் காவல் பணி. 1998இல்தான் லீக் அவரைத் தேடிப்பிடித்துத் தன் தூதராக்கியது. அப்போது வயது 62. அதிலிருந்து ஊர் ஊராகப் போய் பள்ளிக்கூடங்களிலும் ஆடுதளங்களிலும் பிள்ளைகளுக்குச் சறுக்கவும் ஆடவும் துணைநின்றார். 2018இல் டொரன்டோவில் உள்ள ஹாக்கி புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது, வீரர்கள் பட்டியலில் அல்ல, ஆட்டத்தை வளர்த்தவர்கள் பட்டியலில். 2022 ஜனவரி 18 அன்று பாஸ்டன் அவருடைய 22ஆம் எண்ணை அரங்கத்தின் கூரைக்கு ஏற்றியது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கமும் அதே ஆண்டில் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

ஆகவே பாஸ்டன் எதற்காக எண்ணை எடுத்து வைத்தது என்று கேட்டவருக்கு என் பதில்: அந்த 45 ஆட்டங்களோடு, கியூபெக், லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோவில் ஆடிய இருபது ஆண்டுகளையும் சேர்த்தே எண்ணுங்கள். பெரும்பாலான ஹாக்கி வீரர்கள் பிழைத்தது அந்த மாதிரி ஊர்களில்தான். எண்ணும்போது, எத்தனை கோல் என்பதற்குப் பக்கத்தில் எந்தப் பக்கம் நின்று போட்டது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.