இதய பம்புக்கு ஒரு கண்

இதயம் பலவீனமடைந்து மாற்று இதயத்துக்குக் காத்திருப்போரின் உயிரைத் தாங்கி நிற்பது, இடது கீழறையில் பொருத்தப்படும் இயந்திர பம்ப். இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கிய இக்கருவியுடன் இன்று பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர்.

இயற்கை இதயம் நடக்கும்போது விரைந்தும் உறங்கும்போது தணிந்தும் துடிக்கிறது. பம்போ, மருத்துவர் நிர்ணயித்த வேகத்திலேயே நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல்கிறது. வேகம் மிகுந்தால் கீழறையின் சுவர் உறிஞ்சப்பட்டுக் குழாயின் வாயை அடைத்துவிடக்கூடும்; குறைந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்பது பம்புக்குத் தெரியாது. அது காட்டும் ரத்த ஓட்ட அளவுகூட, மின்செலவையும் சுழல்வேகத்தையும் கொண்டு செய்யப்படும் கணிப்பே. கிணற்றில் நீர்மட்டத்தைப் பாராமல் மோட்டாரை ஓடவிடுவது போன்றது இது. இந்நோயாளிகள் பலருக்கு நாடித்துடிப்பு தென்படாததால், கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பதும் பயன்தருவதில்லை.

இக்குறையைப் போக்க வல்லவை நுண் அழுத்த உணரிகள். அவற்றுள் முன்னோடியான 'கார்டியோமெம்ஸ்' சுமார் 15 மி.மீ. நீளமே உடையது, மின்கலம் கிடையாது. நுரையீரல் தமனியில் அமர்த்தப்படும் அதனுள் ஒரு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் உள்ளன. அழுத்தம் மாறினால் அதன் அதிர்வெண் மாறும். நோயாளி முதுகை வைத்துப் படுக்கும் தலையணையிலுள்ள ஆண்டெனா அதைப் படித்து மருத்துவமனைக்கு அனுப்பும். பம்பின் வாயிலிலேயே உணரியைப் பதிக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. உணரியின் மேல் ரத்தம் உறைவதும், நாளடைவில் அளவீடு பிறழ்வதும் அங்கே பெருந்தடைகள்.

பொருளாதாரம் பயின்ற என்னைக் கவர்ந்தது கருவியைவிட, அதைச் சோதித்த விதம். பம்ப் பொருத்தப்படாத சாதாரண இதயச் செயலிழப்பு நோயாளிகள் 550 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, 2011-இல் வெளியானது. அனைவருக்கும் உணரி பொருத்தப்பட்டது. ஆனால் ஒரு பிரிவினரின் அளவீடுகள் மட்டுமே சிகிச்சையளித்த மருத்துவர்களுக்குத் தரப்பட்டன. 6 மாதங்களில் அப்பிரிவினர் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது 28% குறைந்தது. உணரி இரு தரப்பினருக்கும் ஒன்றே. பயன் விளைந்தது, எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றிய உழைப்பால்.

அந்த உழைப்புக்கு ஊதியம் தருவது யார்? 2014-இல் அங்கு ஒப்புதல் பெற்ற இந்த உணரிக்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் நாடு தழுவிய அனுமதி அளித்தது 2025 ஜனவரியில்தான். அதுவும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகளில் பங்கேற்போருக்கு மட்டும். காப்பீட்டு முறைகள் கருவிக்கும் அறுவை சிகிச்சைக்கும் எளிதில் விலை வைக்கின்றன. நாள்தோறும் வரும் எண்ணைக் கவனிக்கும் செவிலியரின் நேரம் அக்கணக்கில் எளிதில் விடுபட்டுவிடும். உணரியின் அளவீட்டைக் கொண்டு தானே வேகத்தை மாற்றிக்கொள்ளும் பம்ப் ஆய்வுக்கூடத்தைத் தாண்டிவரும் வரை, அந்த நேரத்தையும் சிகிச்சைக் கட்டணத்தின் ஒரு பகுதியாகத் தொடக்கத்திலேயே சேர்த்தாக வேண்டும்.