காந்தி மியூசியம்: கூட்டம் வருமுன் ஒரு சுற்று

கூட்டம் வருவதற்கு முன்னால் காந்தி மியூசியத்துக்குள் புகுந்து பார்க்கலாம் என்றால் யார்தான் விடுவார்கள்! வாங்க, பக்கத்து நடை வழியாகச் சத்தமில்லாமல் என் பின்னாலேயே வாங்க. தமுக்கம் அரண்மனை இந்தக் காலையில் நமக்கு மட்டும்தான். ராணி மங்கம்மாள் பேரைச் சொல்லி மதுரைக்காரர்கள் பெருமைப்படும் கட்டடம் இது. பிறகு வெள்ளைக்காரக் கலெக்டர்கள் குடியிருந்தார்கள். 1959 ஏப்ரல் 15-இல் நேரு வந்து காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். இப்போது உள்ளே ஈரத்துணியும் பினாயிலும் கலந்த வாசம். ஒரு அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையைத் துடைக்கிறார். "மெதுவா வாங்க, வழுக்கும்! ராணி இருந்த வீட்டுல விழுந்தாலும் அடி அடிதான்" என்கிறார். விழுந்தாலும் சந்தோஷமாக விழுவேன் போலிருக்கிறது, அவ்வளவு உற்சாகம் எனக்கு.

தாழ்வாரத்து மூலைக்கு வாங்க. உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது. பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து இரண்டு பஸ் பிள்ளைகள் வரப்போகிறார்கள். அவர்களுக்குச் சுற்றிக்காட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். தரை முழுக்கச் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, மூடி தொலைந்த பசை பாட்டில், பாதி தின்ற வடை. கேள்வித்தாள் கட்டின்மேல் யாரோ டீயைக் கவிழ்த்துவிட்டார்கள். ஒவ்வொரு தாளாகக் கைப்பிடிச் சுவரில் காயப்போட்டு, பறக்காமல் இருக்கச் செருப்பை மேலே வைத்திருக்கிறார்கள். வெயில் இப்போதே சட்டையை முதுகோடு ஒட்டவைக்கிறது.

ஒத்திகை தொடங்குகிறது. ஒரு தம்பி தேதிகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறான், மூச்சே விடவில்லை. வழிநடத்தும் டீச்சர் கையை உயர்த்துகிறார். "தேதியெல்லாம் பலகையிலேயே இருக்கு ராசா. நீ பிள்ளைக மூஞ்சியைப் பாரு. ஒரு கேள்வி கேளு. அதுக கேட்கிற கேள்விக்கு உடனே பதில் சொல்லிறாத." தம்பி திரும்ப ஆரம்பிக்கிறான், திரும்பவும் தேதி! எல்லோரும் சிரிக்க, அவனும் சிரித்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைக்கிறான். மூன்றாம் முறை தாளில்லாமல் பேசினான் பாருங்கள், எனக்கே கைதட்டத் தோன்றியது.

மதுரையில் இந்த மாதிரி வேலைக்கு வேர் உண்டு. மக்கள் கண்காணிப்பகம் இந்த ஊரிலிருந்துதான் 1997 முதல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு மனித உரிமைக் கல்வியைக் கொண்டுபோனது. உலக அளவில், பழைய கொடுமைகளின் இடங்களை இன்றைய உரிமைப் பேச்சுக்குப் பயன்படுத்தும் அருங்காட்சியகங்கள் 1999-இல் ஒரு கூட்டமைப்பாகவே சேர்ந்தன. கேப்டவுனில் வெள்ளையர் அரசு இடித்துத் தள்ளிய ஒரு குடியிருப்பின் நினைவாக, அங்கே வாழ்ந்தவர்களே சேர்ந்து உருவாக்கிய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியமும் அதில் உண்டு. நம் தாழ்வாரத்தில் செருப்பு வைத்துக் காயப்போட்ட தாள்களுக்கும் அதே நோக்கம்தான்.

பஸ் வந்துவிட்டது! கேட்டிலிருந்தே இரைச்சல். "வரிசை, வரிசை", "அங்கிட்டு ஓடாத", "டீச்சர், பாத்ரூம் எங்க?" தண்ணீர் பாட்டில்கள் உருள்கின்றன. விடுதலைப் போராட்டப் படங்கள் இருநூற்றுக்கும் மேலே இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைக் கடக்கும் வேகத்தில் போனால் சுதந்திரம் 1900-லேயே கிடைத்திருக்கும். ஆனால் காந்தி ஹிட்லருக்கு எழுதிய கடிதத்தின் முன் ஒரு பையன் நின்றுவிட்டான். 'நண்பரே' என்று அழைத்துப் போரைத் தவிர்க்கச் சொல்லி 1939 ஜூலையில் எழுதியது. "பதில் போட்டாரா?" என்கிறான். தாளை மடித்துவைத்த தம்பிதான் பக்கத்தில் நிற்கிறான். நாக்கு நுனியில் பதில் துடிப்பது எனக்குத் தெரிகிறது. அடக்கிக்கொண்டு, "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்கிறான். பையன் கொஞ்சம் யோசித்து, "போட்டிருக்க மாட்டாரு. ஆனாலும் எழுதணும்ல?" என்கிறான். அதற்கப்புறம்தான் தம்பி, பிரிட்டிஷ் அரசு அந்தக் கடிதத்தைப் போகவே விடவில்லை என்று சொன்னான். பையனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

சுடப்பட்ட நாளில் காந்தி உடுத்தியிருந்த இரத்தக்கறைத் துணி இருக்கும் அறைக்குச் சிறு சிறு குழுவாகத்தான் அனுப்புகிறார்கள். அங்கே யாரும் எதுவும் விளக்கக் கூடாது. ஒத்திகையில் டீச்சர் கண்டிப்பாகச் சொன்ன ஒரே விதி அது. வெளியே வந்த ஒரு சிறுமி, "துவைக்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். கல்லூரிப் பெண் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கியிருந்தது.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். தாழ்வாரத்தில் நாடகம்! 1939 ஜூலை 8, மீனாட்சி அம்மன் கோயில். வைத்தியநாத அய்யர் முன்னால் நடக்க, சாதியைச் சொல்லி அதுவரை உள்ளே விடப்படாத கக்கன், முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம், முத்து, சண்முக நாடார் உள்ளே போகிறார்கள். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நிற்கிறார். துண்டுச்சீட்டில் பெயர் எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். கக்கன் வேஷத்துக்கு அடிதடி. அவர்கள் நுழைந்ததை எதிர்த்துக் கோயிலைப் பூட்டுகிறவர் வேஷத்துக்கு ஆளே இல்லை. சீட்டு விழுந்த பையன் "நான் மாட்டேன் டீச்சர்" என்று தூணைக் கட்டிக்கொண்டான். டீச்சர் கட்டாயப்படுத்தவில்லை. "சரி, ஏன் மாட்டேங்கிற, அதை மட்டும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லு" என்றார். அவன் சொல்லச் சொல்ல, பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க ஊர்க் கோயில்ல இப்பவும் நாங்க வெளியதான் நிப்போம்" என்றாள். சலசலப்பு அடங்கிவிட்டது. அன்றைய பாடத்திட்டத்தில் இல்லாத அரைமணி நேரம் அவளுக்காக ஒதுக்கப்பட்டது. 1934-இல் மதுரைக்கு வந்த காந்தி அந்தக் கோயிலுக்குள் போகாததும், எல்லோருக்கும் திறந்த பிறகு 1946-இல் போனதும் அவள் பேசிய பிறகே சொல்லப்பட்டன. எந்த வரிசையில் சொல்வது என்பதில்தான் இந்த வேலையின் திறமையே இருக்கிறது என்பேன்.

மதியச் சாப்பாடு முடிந்து மேலமாசி வீதிக்கு ஓட்டம். 251ஏ, கீழே கதர்க் கடை. துணி மடித்துக்கொண்டிருந்த ஊழியர்களுக்கு மாடிப்படியில் தடதடவென்று கால்கள் ஏறும் சத்தம் பழக்கம்தான். தலையை நிமிர்த்தவே இல்லை. 1921 செப்டம்பர் 22 காலை, காந்தி இந்த வீட்டிலிருந்துதான் முழு உடையைக் களைந்து அரையாடையில் வெளியே வந்தார். பிள்ளைகள் எட்டிப் பார்க்கிற வீதியில் ஆட்டோக்களும் மூட்டை சுமக்கிறவர்களும். "அவருக்குச் சட்டை இல்ல பாருங்க" என்று ஒருவன் சுமைதூக்கும் பெரியவரைக் காட்டினான். கிண்டலாகச் சொல்லவில்லை அவன்.

பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்ட பிறகும் திரை விழவில்லை. தாழ்வாரத்தில் மறுபடி டீ, மறுபடி வடை, சூடான வாக்குவாதம். அடுத்த பயணத்தில் மேலவளவுக்குக் கூட்டிப்போகலாமா? கக்கன் பிறந்த தும்பைப்பட்டியும் அதே மேலூர்ப் பக்கம்தான். மேலவளவில் தனித்தொகுதியில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30-இல், மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அங்கே அவர்களுக்கு 'விடுதலைக் களம்' இருக்கிறது. "சின்னப் பிள்ளைக பயந்துரும்" என்கிறார் ஒருவர். "அந்த ஊர்ப் பிள்ளைக அங்கதான சார் வளருது?" என்கிறாள் கல்லூரிப் பெண்.

இன்னொருவர் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரைச் சேர்க்கச் சொல்கிறார். பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்திய ரேகைச் சட்டத்தை எதிர்த்து, கைநாட்டு வைக்க மாட்டோம் என்றவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-இல் போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். கடைசியில் உயர்வகுப்புப் பிள்ளைகளை மட்டும் இரண்டு இடத்துக்கும் அழைத்துப்போவது என்று முடிவானது. சரியான முடிவு. கோயில் திறந்த கதையோடு நிறுத்திக்கொண்டால் எல்லாம் 1939-லேயே சரியாகிவிட்டது என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.

ஆசிரியர்களே, மதுரைக்குச் சுற்றுலா கூட்டிவருகிறவர்களே, மீனாட்சி கோயிலும் மஹாலும் பார்த்துவிட்டு நேரே ஜிகர்தண்டாக் கடைக்குப் போய்விடாதீர்கள். தமுக்கத்துக்கு வாருங்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். முடிந்தால் மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.