சேர்க்கை முடிந்த பிறகு

புனேயின் ஃபெர்குசன் கல்லூரி 1885-இல் தொடங்கப்பட்டது. அதன் மாணவர் விடுதிக்கு ஒரு காலத்தில் தாவரவியல் பேராசிரியர் எஸ்.பி. முஜும்தார் பொறுப்பாளராக இருந்தார். ஓர் இளம்பெண் விடுதி அறையின் ஜன்னல் வழியாக ஒரு மாணவருக்குச் சாப்பாடு கொடுப்பது அவர் கண்ணில் பட்டது. ஆண்கள் விடுதியில் இதென்ன என்று விசாரித்தபோது வேறொரு செய்தி தெரியவந்தது. உள்ளே இருந்தவர் மொரீஷியஸிலிருந்து படிக்க வந்தவர்; மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். அந்தக் காட்சி முஜும்தாரை உறுத்தியது. வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களுக்குத் துணையாக இருக்க 1971-இல் அவர் தொடங்கிய அமைப்புதான் சிம்பயாசிஸ். இரு வேறு உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைக் குறிக்கும் தாவரவியல் சொல் அது. மொரீஷியஸ் மாணவருக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, பதிவேட்டில் பெயர் இருந்தது, தங்க அறையும் இருந்தது. சேர்க்கை முறைப்படி முடிந்திருந்தது. ஆனால் அந்தக் கல்லூரியோடு அவர் இன்னும் சேரவில்லை.

கிழக்கின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயர் பெற்ற ஊர் புனே. 1949-இல் தொடங்கி, 2014 முதல் சாவித்ரிபாய் புலேயின் பெயரைத் தாங்கி நிற்கும் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், கல்லூரிகள் மிகுந்த மாவட்டங்களின் வரிசையில் பெங்களூரு நகரம், ஜெய்ப்பூர், ஹைதராபாத்துக்கு அடுத்து வந்தது புனேதான். மராத்வாடா, விதர்பா, காந்தேஷ் பகுதிகளின் சிற்றூர்களிலிருந்தும், வடகிழக்கிலிருந்தும், தமிழ்நாட்டிலிருந்தும் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தோடு புது மாணவர்கள் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் புதிய வாழ்க்கைக்குப் பழகுவதை அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவதே நம் கல்லூரிகளின் வழக்கம். இது தவறு. கல்லூரியில் எப்படிப் படிப்பது, எப்படி வாழ்வது என்பதும் கற்றுத்தர வேண்டிய பாடம். முதல் பருவம் முழுவதும், இருபது பேர் கொண்ட சிறு குழுக்களில், ஓர் ஆசிரியர் பொறுப்பில், கிரெடிட் உள்ள வகுப்பாகவே அதை நடத்த வேண்டும்.

அப்படி என்ன தெரியாமல் வருகிறார்கள் என்று கேட்கலாம். மராத்தி வழிப் பள்ளியில் படித்து, மராத்வாடாவின் ஹிங்கோலியிலிருந்து புனேயின் பொறியியல் கல்லூரி ஒன்றுக்கு வரும் மாணவியை எண்ணிப் பாருங்கள். முதல் வாரத்திலேயே அவள் காதில் விழும் சொற்கள் இன்செம், எண்ட்செம், டெர்ம்வொர்க், சப்மிஷன், ஏ.டி.கே.டி. நம் ஊரில் அரியர் வைத்துக்கொண்டு மேலே போவது என்று சொல்வதைத்தான் மகாராஷ்டிரத்தில் கடைசிச் சொல்லால் குறிக்கிறார்கள். இவை அவளைச் சுற்றி இயல்பாகப் புழங்குகின்றன. யாரும் பொருள் சொல்வதில்லை. உதவித்தொகைக்கு மாநில அரசின் மகாடிபிடி தளத்தில் எப்போது விண்ணப்பிப்பது? நூலகத்தில் எதைக் கேட்பது? வகுப்பில் புரியாததை ஆசிரியரின் அறைக்கே போய்க் கேட்கலாமா? காட் பேசிஸில், அதாவது ஓர் அறையில் ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்துத் தங்கிக்கொண்டு, மெஸ் கணக்கையும் பார்த்துக்கொண்டு படிப்புக்கு நேரம் ஒதுக்குவது எப்படி? பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இவையெல்லாம் சாப்பாட்டு வேளையில் காதில் விழுந்து பழகியவை. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருபவளுக்கு ஒவ்வொன்றும் ஒரு தடுக்கல். ஏட்டில் இல்லாத பாடத்திட்டம் இது. ஏட்டில் ஏற்றாதவரை, ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கே அது சாதகமாக இருக்கும்.

இந்தத் தடுக்கல்களை அறிவுக் குறைவு என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய பிழை என்பதை 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் யூரி ட்ரைஸ்மன் காட்டினார். அங்கே முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஆர்வமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கமில்லை என்று ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் இருபது கறுப்பின மாணவர்களையும், நன்றாகத் தேர்ச்சி பெற்றுவந்த சீன வம்சாவளி மாணவர்கள் இருபது பேரையும் அவர்கள் படிக்கும் இடத்திலேயே கவனித்தார். முதல் குழுவினர் உழைப்பில் குறை வைக்கவில்லை. ஆனால் தனித்தனியே படித்தார்கள். மற்றவர்கள் தனியாகவும் படித்தார்கள், பிறகு கூடியும் உட்கார்ந்தார்கள். ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள், யாருக்கும் வராத கணக்கைச் சேர்ந்து போட்டார்கள். ஒரு கணக்கு வராதபோது அது தன் ஒருவனுக்கு மட்டும்தான் வரவில்லையா, எல்லோருக்குமே கடினமா என்று தனியே படிப்பவனுக்குத் தெரிய வழியில்லை. ட்ரைஸ்மன் சிறு குழு வகுப்புகளைத் தொடங்கினார். பின்தங்கியவர்களுக்கான தனிப்பயிற்சி என்று அவற்றுக்குப் பெயரிடாமல், வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போடவைத்தார். அதில் பங்கேற்றவர்களின் மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன.

கல்லூரி வாழ்க்கைக்குப் பழகுவதைப் பல்கலைக்கழகம் முழுமைக்கும் ஒரு பாடமாக்கிய முன்னோடி அமெரிக்காவின் தெற்கு கரோலினா பல்கலைக்கழகம். 1970 மே மாதம் அங்கே மாணவர் கலவரம் வெடித்தது. அதை அடக்குவதோடு நின்றுவிடாமல், மாணவர்கள் ஏன் இந்த இடத்தை வெறுக்கிறார்கள் என்று பல்கலைக்கழகத் தலைவர் தாமஸ் ஜோன்ஸ் கேட்டுக்கொண்டார். அதன் விளைவாக 1972-இல் யூனிவர்சிட்டி 101 என்ற வகுப்பு பிறந்தது. மாணவர்களை மாற்றுவதற்கு முன் ஆசிரியர்களை மாற்ற வேண்டும் என்பதும் அதன் நோக்கம். எனவே வகுப்பு எடுப்பவர்களுக்கு முதலில் பயிற்சி தரப்பட்டது. இன்றும் அது நடந்துவருகிறது. உலகின் பல பல்கலைக்கழகங்கள் அதைப் பின்பற்றியிருக்கின்றன.

நம் நாட்டில் இந்த எண்ணமே இல்லை என்று சொல்ல முடியாது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் 2005 முதல் மனித விழுமியங்கள் வகுப்பும், காந்திநகர் ஐ.ஐ.டி.யில் 2011 முதல் புது மாணவருக்கான அடித்தளப் பயிற்சியும் நடக்கின்றன. இவற்றிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டு, ஏ.ஐ.சி.டி.இ. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்தது. 2019-இல் யு.ஜி.சி. தீக்ஷாரம்ப் என்ற பெயரில் எல்லாக் கல்லூரிகளுக்கும் வழிகாட்டி வெளியிட்டது. சிறு குழுக்கள், குழுவுக்கு ஓர் ஆசிரியர், உடற்பயிற்சி, கலை, ஊரைச் சுற்றிப் பார்த்தல் என எழுதப்பட்டவை நல்லவையே. நடைமுறையில் பல இடங்களில் இது பெரிய அரங்கு, ஒலிபெருக்கி, வரிசையாகச் சிறப்பு விருந்தினர்கள் என்று சுருங்கிவிடுகிறது. கால அமைப்பிலும் ஒரு குறை உண்டு. மகாராஷ்டிரத்தில் பொறியியல் சேர்க்கை கேப் என்ற பொதுக் கலந்தாய்வில் சுற்றுச் சுற்றாக நடக்கிறது. கடைசிச் சுற்றுகளில் இடம் பெறுபவர் வந்து சேரும்போது அறிமுகப் பயிற்சி முடிந்து பாடம் ஓடத் தொடங்கியிருக்கும். தொடக்கத்திலேயே வந்தவருக்கும் உண்மையான இடர் மூன்றாம் வாரத்துக்குள் வருவதில்லை. இடைப்பருவத் தேர்வான இன்செமின் முதல் மதிப்பெண் கைக்கு வந்து, பள்ளியில் முதலிடம் பெற்ற தன்னால் இங்கே தேறவே முடியாதோ என்ற பயம் தொற்றும் வாரத்தில்தான் வருகிறது. கேட்க ஓர் ஆள் தேவைப்படும் அந்த வாரத்தில் அறிமுகப் பயிற்சியின் பந்தல் பிரித்தாகிவிட்டிருக்கும்.

இந்த வகுப்புகளால் உண்மையில் பலன் உண்டா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் முதலாண்டு வகுப்புகளைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2016-இல் வெளியான மதிப்பாய்வு, சராசரியாகப் பார்த்தால் மதிப்பெண்ணில் முன்னேற்றம் மிகச் சொற்பம், படிப்பைத் தொடர்வதில் பலன் சிறிதே என்று காட்டியது. ஆனால் பலன் வகுப்பின் அமைப்பைப் பொறுத்து மாறுகிறது என்பதையும் அதே மதிப்பாய்வு காட்டியது. 2011-இல் உளவியலாளர்கள் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். புது இடத்தில் அந்நியமாக உணர்வது எல்லோருக்கும் நேர்வது, நாளடைவில் அது மாறும் என்ற மூத்த மாணவர்களின் அனுபவத்தைப் புதியவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அறிமுகப்படுத்தினார்கள். அடுத்த மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையருக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்தது. அதே முறையை 22 கல்லூரிகளில் 26 ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்களிடம் சோதித்த 2023-ஆம் ஆண்டு ஆய்வு முக்கியமான ஒரு நிபந்தனையைக் கண்டது: அந்த மாணவர்கள் ஒட்டிக்கொள்ள உண்மையிலேயே வாய்ப்பளித்த கல்லூரிகளில்தான் அந்தச் சொற்கள் பலித்தன. இந்தச் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், நீ எங்களைச் சேர்ந்தவன் என்று மேடையில் சொல்வது போதாது, அதை மெய்யாக்கும் ஏற்பாடு கல்லூரியில் இருக்க வேண்டும் என்பது தெளிவாகிறது. வாரந்தோறும் கூடும் சிறு வகுப்பே நமக்குக் கைக்கெட்டும் ஏற்பாடு.

நாங்கள் இதெல்லாம் இல்லாமலே படித்து முன்னுக்கு வரவில்லையா, பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டுமா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. முன்னுக்கு வந்தவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பாதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்களின் குரல் இதில் இல்லை. மேலும், ட்ரைஸ்மன் செய்தது ஊட்டிவிடுவதன்று, கடினமான வேலையைச் சேர்ந்து செய்யப் பழக்குவது. வேறு சிலர் நேரமும் ஆளும் இல்லை என்கிறார்கள். அறுபது பேர் கொண்ட வகுப்பை மூன்று குழுவாக்கி, குழுவுக்கு ஓர் ஆசிரியர் வைத்து, வாரம் ஒரு மணி நேரம் வீதம் பதினைந்து வாரம் நடத்தினால், ஓர் ஆசிரியருக்குப் பருவம் முழுவதும் பதினைந்து மணி நேரம்தான் ஆகும். புதிய கல்விக் கொள்கையின்படி மகாராஷ்டிரம் அமைத்துள்ள முதலாண்டுப் பாடத்திட்டத்தில் பாடம்சாரா நடவடிக்கைகளுக்கும் கிரெடிட் உண்டு. இதற்கும் அங்கே இடம் செய்ய முடியும். ஆசிரியர் பற்றாக்குறை மட்டும் மெய்யான தடை. மணிக் கணக்கில் சம்பளம் வாங்கும் தற்காலிக ஆசிரியர் தலையில் கூலியில்லாமல் இதையும் கட்டினால் வகுப்பு பெயரளவில்தான் நடக்கும். இதற்கான மணியையும் பணி நேரமாகக் கணக்கிட்டுச் சம்பளம் தருவதே நியாயம்.

வகுப்பில் சொல்லித்தர வேண்டியவையும் கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளன. ஆங்கில விரிவுரையைக் கேட்டுக்கொண்டே தாய்மொழியில் குறிப்பெடுப்பது, பழைய வினாத்தாளைச் சேர்ந்து உட்கார்ந்து விடுவிப்பது, தோற்ற தாளை ஆசிரியரிடம் கொண்டுபோய் எங்கே தவறு என்று கேட்பது ஆகியவை பழகிப் படிய வேண்டிய செயல்கள். சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகத்தில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் பெயரால் உழைத்துக்கொண்டே படிக்கும் திட்டம் இருக்கிறது; சில மணி நேரம் வேலை செய்து படிப்புச் செலவுக்குச் சம்பாதிக்கலாம். அந்தத் திட்டம் இருப்பதை ஏழை மாணவர் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்வதா, தற்செயலாக இரண்டாம் ஆண்டில் கேள்விப்படுவதா என்பது படிப்பு நீடிக்குமா என்பதையே தீர்மானித்துவிடலாம்.

புதிய கொள்கைப்படி மகாராஷ்டிரத்தில் ஓராண்டு படித்தவர் சான்றிதழோடு வெளியேறலாம். அந்தக் கதவு விரும்பிப் போகிறவருக்காக இருக்கட்டும். பழக முடியாமல் தவித்தவரை அமைதியாக வெளியே அனுப்பும் வழியாக மாறிவிடக் கூடாது. இந்தப் பொறுப்பு தமிழ்நாட்டுக்கும் உண்டு. உயர்கல்வி வயதினரில் நூற்றுக்கு 47 பேரைக் கல்லூரிக்குக் கொண்டுவந்த மாநிலம் இது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் கொடுத்துக் கல்லூரி வாசல்வரை கூட்டிவருகிறது. வாசலுக்கு உள்ளே கைப்பிடித்து நடத்துவது கல்லூரியின் வேலை. மாணவர் தற்கொலைகளைத் தடுக்க வழிகாண 2025-இல் உச்ச நீதிமன்றமே பணிக்குழு அமைக்க நேர்ந்த நாட்டில் இந்த வேலையை இனியும் தள்ளிப்போட முடியாது.

சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் கட்டணம் எவ்வளவு, விடுதி எப்படி, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்கிறார்கள். இனி இன்னொன்றையும் கேளுங்கள்: முதல் பருவத்தில் எங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாரம் ஒருமுறை எதிரே உட்காரவைத்துப் பேசப்போகும் ஆசிரியர் யார்?