லித்தியம் பேட்டரியை வண்டி ஆல்டர்னேட்டர்ல நேரடியா சார்ஜ் பண்ணலாமா? 'ஃப்ரீ கரண்ட்'டோட உண்மையான விலை

டிஃபன் வேன், ஜூஸ் வண்டி, நடமாடும் டீக்கடைன்னு சின்ன வண்டியில தொழில் பண்றவங்க நிறைய பேர் இப்போ லெட் ஆசிட் பேட்டரிக்குப் பதிலா லித்தியம் போடறாங்க. ஃப்ரிட்ஜ், லைட், மிக்ஸி, பில் மெஷின் எல்லாம் அதுல ஓடுது. நல்ல விஷயம்தான். ஆனா கூடவே ஒரு யோசனையும் வருது. "இன்ஜின் ஓடறப்போ ஆல்டர்னேட்டர் சும்மாதானே சுத்துது? ஒரு தடி ஒயர் இழுத்து லித்தியத்துல மாட்டிட்டா கரண்ட் ஃப்ரீ!" பழைய பேட்டரிக்கு பல வருஷமா அப்படித்தான் மாட்டினாங்க. கேட்டா எலெக்ட்ரீஷியனும் அரை மணி நேரத்துல முடிச்சுக் கொடுத்துடுவார்.

அந்த ஒயருக்குள்ள ரெண்டு செலவு ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு ஆல்டர்னேட்டர், இன்னொண்ணு டீசல். ரெண்டையும் பார்த்துடுவோம்.

பழசுக்கு ஒத்துவந்தது இதுக்கு ஏன் ஒத்துவரலை?

லெட் ஆசிட் பேட்டரி பந்தியில உட்கார்ந்த பெரியவர் மாதிரி. முதல் ரெண்டு கரண்டி வேகமா போகும், அப்புறம் "போதும்பா"ன்னு இலையை மூடிடுவார். சார்ஜ் ஏற ஏற அது வாங்கற கரண்ட் தானா குறைஞ்சுடும். லித்தியம் அப்படி இல்ல, பசியோட வந்த இளவட்டம். வண்டிகள்ல போடறது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி. 3.2 வோல்ட் செல் நாலு சேர்ந்து 12.8 வோல்ட். உள் மின்தடை ரொம்பக் குறைவு. அதனால கிட்டத்தட்ட ஃபுல் ஆகற வரைக்கும் எவ்வளவு ஊத்தினாலும் வாங்கிக்கும்.

உங்க ஆல்டர்னேட்டர் மேல 75 ஆம்பியர்னு எழுதியிருக்குன்னு வச்சுக்குவோம். அது இன்ஜின் நல்ல வேகத்துல ஓடறப்போ கிடைக்கிற அளவு. வண்டி ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியைக் கொஞ்ச நேரம் நிரப்பி, அப்புறம் லைட், ஹாரன், ஃபேனுக்கு மிதமா கொடுக்கறதுதான் அதோட அன்றாட வேலை. மணிக்கணக்குல முழு அளவு கொடுத்துட்டே இருக்கறது அதுக்குப் பழக்கம் இல்ல. இதுல மோசமான நேரம் எதுன்னா டிராஃபிக்ல நிக்கறப்போ, இல்லன்னா கடை போட்டுட்டு இன்ஜினை ஐடிலிங்ல விடறப்போ. ஆல்டர்னேட்டரோட ஃபேன் அதோட ஷாஃப்ட்லயே சுத்துது. இன்ஜின் மெதுவானா ஃபேனும் மெதுவாகும், ஆனா லித்தியம் இழுக்கறதை நிறுத்தாது. காயில் இன்சுலேஷனும் டயோடும் கருகறது அப்பதான். நெதர்லாந்து கம்பெனி விக்ட்ரான் இதை டெஸ்ட் பெஞ்ச்ல செஞ்சு காட்டி வீடியோவே போட்டிருக்காங்க. குறைஞ்ச வேகத்துல ஓட்டி லித்தியத்தை நேரடியா மாட்டினா ஆல்டர்னேட்டர்லேர்ந்து புகை வருது.

பேட்டரிக்கும் இது நல்லதில்ல. 100 ஆம்பியர் ஹவர் எல்எஃப்பிக்கு பல கம்பெனிகள் 50 ஆம்பியர் சார்ஜ்தான் சிபாரிசு பண்றாங்க. நேரடி ஒயர்ல எவ்வளவு போகணும்னு முடிவு பண்ண யாருமே இல்ல.

அடுத்தது பிஎம்எஸ். பேட்டரிக்குள்ள இருக்கற இந்த காவல்காரன், வோல்டேஜோ சூடோ வரம்பு தாண்டினா படக்குன்னு இணைப்பைத் துண்டிச்சுடும். அந்த நொடியில ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியர் தள்ளிட்டு இருந்தா, போக வழியில்லாம வோல்டேஜ் எகிறும். இதை லோட் டம்ப்னு சொல்லுவாங்க. ஸ்டார்ட்டர் பேட்டரி நல்ல நிலையில இணைப்புல இருந்தா அது பெரும்பகுதியைத் தாங்கிக்கும். அது பழசாகியிருந்தாலோ டெர்மினல் லூஸா இருந்தாலோ அடி டயோடுக்கும், வண்டியோட இசியூவுக்கும் போகும். இசியூ விலையை ஒரு தடவை சர்வீஸ் சென்டர்ல கேட்டுப் பாருங்க, அப்புறம் அந்த ஒயரைத் தொடவே மாட்டீங்க.

"நடுவுல ஒரு ரிலே போட்டா?"ன்னு கேப்பீங்க. வோல்டேஜ் பார்த்து இணைக்கிற அந்த ரிலே பொதுவா 13.3 வோல்ட்டுல இணைச்சு 12.8-ல துண்டிக்கும். லெட் ஆசிட் ஓய்வுல 12.7-க்கு இறங்கிடும், சரி. லித்தியம் ஓய்வுலயே 13.2, 13.3-ல நிக்கும். இன்ஜினை அணைச்சாலும் ரிலே விடாது. காலையில செல்ஃப் அடிக்கறப்போ ஸ்டார்ட்டர் மோட்டார் லித்தியத்துலேர்ந்தும் கரண்ட் இழுக்கும், பிஎம்எஸ் டிரிப் ஆகலாம்.

பிஎஸ்6 வண்டி வச்சிருக்கவங்களுக்கு எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. பல வண்டிகள்ல இசியூவே மைலேஜுக்காக ஆல்டர்னேட்டர் வோல்டேஜைக் குறைக்கும், பிரேக் பிடிச்சா ஏத்தும். எல்எஃப்பி ஃபுல் ஆக 14.2-லேர்ந்து 14.6 வோல்ட் வேணும். ஒயர் போட்டும் பேட்டரி அரைகுறையா நிக்கும்.

அப்போ எதைப் போடறது?

டிசி-டிசி சார்ஜர். ஆல்டர்னேட்டர் பக்கம் எவ்வளவு இழுக்கணும்னு வரம்பு வச்சு, லித்தியம் பக்கம் சரியான வோல்டேஜ் கொடுக்கற பெட்டி. இக்னிஷன் ஒயரோட இணைச்சா இன்ஜின் ஓடறப்போ மட்டும் வேலை செய்யும். என் அளவுகோல்: மொத்த இழுவை ஆல்டர்னேட்டர் அளவுல பாதியைத் தாண்டக் கூடாது. 30 ஆம்பியர் சார்ஜர் உள்ள இழுக்கறது 35-ஐ ஒட்டி வரும், அதனால 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு அதுவே மேல் எல்லை. இன்ஜினை ஐடிலிங்ல விட்டு சார்ஜ் பண்றதை அப்பவும் பழக்கமாக்காதீங்க.

ஒயர்ல மிச்சம் பிடிக்காதீங்க. 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர்ல 30 ஆம்பியர் போனா சுமார் 0.9 வோல்ட் வழியிலயே சூடா போயிடும். 16 போட்டா 0.35 வோல்ட்தான். ரெண்டு பேட்டரி பக்கமும் ஃபியூஸ் வேணும், ஏன்னா ரெண்டு பக்கமும் நெருப்பு வைக்கிற சக்தி இருக்கு. பேட்டரியை இன்ஜின் ரூம்ல வைக்கவே வேண்டாம்.

இப்போ டீசல் கணக்கு

எனக்கு இதுதான் முக்கியமான பகுதி. ஆல்டர்னேட்டர் சும்மா சுத்தறதில்ல. லோடு ஏறினா பெல்ட் இழுவை ஏறும், இன்ஜின் கூடுதலா டீசல் குடிக்கும்.

ஒரு லிட்டர் டீசல்ல சுமார் 10 யூனிட் வெப்ப சக்தி இருக்கு. இன்ஜின் அதுல 35 சதவீதத்தை சுழற்சியா மாத்தினா 3.5 யூனிட். பெல்ட், ஆல்டர்னேட்டர் தாண்டி 55 சதவீதம் வந்தா 1.9. டிசி-டிசி சார்ஜர்ல கொஞ்சம் போக 1.7 யூனிட். டீசல் லிட்டர் 92 ரூபாய்னு வச்சா ஒரு யூனிட் 54 ரூபாய்! இதுவும் ரோட்டுல நல்லா ஓடறப்போ. ஐடிலிங்ல சின்ன டீசல் இன்ஜின் மணிக்கு அரை லிட்டர் குடிச்சா 46 ரூபாய், கிடைக்கறது 0.4 யூனிட். யூனிட்டுக்கு 115 ரூபாய் ஆச்சு. நிஜமாவே ஃப்ரீயா கிடைக்கறது மலை இறக்கத்துல ஆக்ஸிலரேட்டரை விட்டு கியர்ல இறங்கறப்போ மட்டும்தான். ஊட்டியில கடை போட்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கறவங்க சந்தோஷப்பட்டுக்கலாம்.

ஒரு டிஃபன் வேனோட ஒரு நாள் தேவை: 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் சராசரி 40 வாட், 10 மணி நேரம், 400. லைட் 100. மிக்ஸி அரை மணி நேரம் 250. பில் மெஷின், போன் 50. மொத்தம் 800 வாட் ஹவர், அதாவது 0.8 யூனிட். 100 ஆம்பியர் ஹவர் எல்எஃப்பியில இருக்கறதே 1,280. ராத்திரி வீட்டுல ஃபுல் பண்ணிட்டு கிளம்பினா நாள் முழுக்க ஓட்டிடலாம், வழியில சார்ஜே வேண்டாம்.

அந்த 0.8 யூனிட்டை ஆல்டர்னேட்டர் வழியா ஏத்தினா நாளுக்கு 43 ரூபாய், மாசம் 25 நாளைக்கு 1,080 ரூபாய். பிளக்ல போட்டா, சார்ஜர் இழப்பும் சேர்த்து, யூனிட் 10 ரூபாய்னு வச்சாலும் மாசம் 235 ரூபாய். வருஷத்துக்கு 10,000 ரூபாய் வித்தியாசம். டிசி-டிசி சார்ஜரும் ஒயரிங்கும் 18,000, வீட்டு லித்தியம் சார்ஜர் 5,000னு கணக்குக்கு வச்சுக்கோங்க. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க.

அதனால ராத்திரி வண்டி வீடு திரும்புதுன்னா என் ஓட்டு வீட்டு சார்ஜருக்குத்தான். டிசி-டிசி சார்ஜர் யாருக்கு? நாலு நாள் தொடர்ந்து ரோட்டுல இருக்கற லாரி, கேம்பர் வேன், பிளக்கே கிடைக்காத சந்தை வியாபாரம். அவங்களுக்கு அது அவசியச் செலவு, தயங்காம பண்ணுங்க. மாசக்கணக்குல கடல்ல இருக்கற பாய்மரப் படகுக்காரங்க பெரிய ஆல்டர்னேட்டர், வெப்ப சென்சார் வச்ச வெளி ரெகுலேட்டர்னு போவாங்க. அது வேற பட்ஜெட்.

கடைசியா, மாட்டினதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்க. கம்பெனி ஃபிட்டிங் இல்லாத எலெக்ட்ரிகல் சாமானுக்கு மோட்டார் டாரிஃப்ல ஐஎம்டி 24னு தனி இணைப்பே இருக்கு. டாரிஃப்படி சாமான் மதிப்புல 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்து 45,000னா 1,800 ரூபாய், மேல ஜிஎஸ்டி. சொல்லாம விட்டா அந்த 45,000க்கு கவர் கிடையாது. வண்டி தீப்பிடிச்சு சர்வேயர் வந்தா முதல்ல பார்க்கறதும் நீங்க புதுசா இழுத்த ஒயரைத்தான். பேட்டரி பில், சார்ஜர் பில், ஒயரிங் பண்ணவரோட பில் மூணையும் ஜிஎஸ்டியோட வாங்கி, போட்டோ எடுத்து, அடுத்த ரென்யூவல் வரைக்கும் காத்திருக்காம இப்பவே மெயில் அனுப்பிடுங்க.