அசையாத சைலன்சர் போல்ட்: ஆர்.எக்ஸ்.100-ல் சுத்தியலை எடுக்கும் முன்பு கவனிக்க வேண்டியது என்ன?

சங்கரன்கோவில் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். அந்த இடத்தை இங்கே பிடித்து வைத்திருப்பது யமஹா ஆர்.எக்ஸ்.100. அப்பாவோ சித்தப்பாவோ ஓட்டி, அப்புறம் வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்த வண்டி. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் மகன் ஆடித்தபசுக்கு ஊருக்கு வரும்போது அதை வெளியே இழுப்பார். கார்புரேட்டரைக் கழுவிவிடலாம், பிளக்கை மாற்றிவிடலாம். சைலன்சரில் கை வைத்ததும்தான் வேலை நிற்கும். போல்ட் அசையாது.

'இன்னும் ஒரு அடி போட்டா வந்துரும்' என்று சுத்தியலைத் தேடுவதுதான் வழக்கமாக அடுத்து நடப்பது. செலவு ஆரம்பிப்பதும் அங்கேதான்.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவுடன் சேர்ந்து 1985-ல் இறக்கிய வண்டி இது. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோ சொச்சம். 1996-ல் உற்பத்தி நின்றுபோனது. டூப்ளிகேட் சைலன்சர் கிடைக்கும். ஆனால், கம்பெனியோடு வந்த சைலன்சரும் சிலிண்டரும் கெட்டால், அதே மாதிரி இன்னொன்று தேடி அலைய வேண்டியதுதான்.

ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது?

பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகும். வண்டி நன்றாகச் சூடாகும் தூரம் ஓடினால் அது ஆவியாக வெளியே போய்விடும். தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்பும் வண்டியில், அது சைலன்சருக்குள்ளேயே தங்கும். வெளியே மழை, உள்ளே ஈரம், நடுவில் இரும்பு. இரும்பு துருவானால் முன்பு இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அடைத்துக்கொள்ளும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் அவ்வளவு இடம் ஏது? ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் நாடுகளில், மாஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் படும் பாடு இதைவிட மோசம்.

டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குக் கூடுதலாக இன்னொரு தொல்லை உண்டு. இதில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். முழுசாக எரியாத ஆயில், சைலன்சரின் வால் பக்கம் உள்ளே இருக்கும் பேஃபிள் குழாயில் தார் மாதிரி படியும். சூட்டில் வெந்து வெந்து அது கரியாக இறுகும். ஸ்க்ரூவைக் கழற்றிய பிறகும் பேஃபிள் வெளியே வராமல் அடம்பிடிப்பது இதனால்தான்.

முதலில் ஆயில், அப்புறம் சூடு

ராத்திரியே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. ஒயர் பிரஷால் துருவைத் தேய்த்துவிட்டு, துருவுக்குள் ஊடுருவும் ஆயிலை விட்டு, காலை வரை ஊற வைக்க வேண்டும். எல்லோரும் கை நீட்டும் டபிள்யூ.டி-40, உண்மையில் ஈரத்தை விரட்டுவதற்காக 1953-ல் அமெரிக்காவில் உருவானது. 40-வது முயற்சியில் பலித்ததால் அந்தப் பெயர். லேசான துருவுக்கு அது போதும். பல வருஷத் துருவுக்கு, அதற்கென்றே விற்கும் ஆயில்தான் நல்லது.

ஸ்பேனரிலும் கவனம் தேவை. ஆறு பட்டை உள்ள பாக்ஸ் ஸ்பேனர் நட்டின் பக்கங்களை முழுசாகப் பிடிக்கும். வாய் திறந்த ஸ்பேனரோ பன்னிரண்டு பட்டை உள்ளதோ முனைகளை மழுங்கடித்துவிடும். முதலில் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள், பிறகு தளர்த்துங்கள். அசைந்ததும் ஒரே மூச்சில் திருகாமல், கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, நடுவில் ஆயில்.

இதற்கும் மசியாவிட்டால் சூடு வைக்க வேண்டும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி தூரமாக வைத்த பிறகுதான் நெருப்பு. முந்தின நாள் விட்ட ஆயிலையும் துடைத்துவிட வேண்டும். நட்டைச் சூடாக்கினால் அது விரிந்து துருவின் பிடி உடையும். சூடான போல்ட்டில் மெழுகுவர்த்தியை வைத்தால், உருகிய மெழுகு திரெட்டுக்குள் இறங்கும். பழைய கை வைத்தியம்தான், ஆனால் வேலை செய்யும்.

அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் மாட்டியிருந்தால், அலுமினியத்தைத்தான் சூடாக்க வேண்டும். அதே சூட்டில் அது இரும்பைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். ஆனால் ஒரு ஆபத்து உண்டு. இரும்பு மாதிரி அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரியில் நேராக உருகிவிடும்.

போல்ட் முறிந்தே போனால்? மிச்சமிருக்கும் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடிப்பது நல்ல வழி. வெல்டிங் சூட்டில் பிடியும் விடும், திருகவும் தலை கிடைக்கும். உள்ளோடு முறிந்திருந்தால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் டிரில் போட்டால் துளை கோணலாகி திரெட்டே போய்விடலாம்.

பேஃபிளை அறுத்துவிடலாமா?

'வராத பேஃபிளை அறுத்துரு, சத்தமும் கெத்தா இருக்கும்' என்று ஒரு யோசனை வரும். டூ-ஸ்ட்ரோக் சைலன்சர் வெறும் சத்தம் அடக்கும் டப்பா இல்லை. புகையோடு போகும் அழுத்த அலை உள்ளே மோதித் திரும்பி, வெளியேறப் பார்க்கும் புது பெட்ரோல் கலவையை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் செதுக்கிய வித்தை அது. 1961-ல் அந்த அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டை விட்டுத் தப்பியபோது, அந்த ரகசியமும் சுஸுகிக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷமே 50 சிசி உலகப் பட்டம் சுஸுகிக்கு! அப்படிக் கணக்குப் போட்டுச் செய்த குழாயில் கை வைத்தால், சத்தம் ஏறும் அளவுக்கு வேகம் ஏறாது.

அறுத்துவிட்டு ரோட்டில் போனால் போலீஸும் பிடிக்கும். வண்டியில் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 120. ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-ன்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்ந்தே வரலாம். மூன்று மாதம் லைசென்ஸும் போகும்.

இரும்பு பேஃபிளின் கரியைக் கரைக்க காஸ்டிக் சோடா உதவும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினிய பாத்திரத்தில் கலக்கவே கூடாது, பாத்திரத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

மாட்டும்போது காஸ்கெட் புதுசாக இருக்கட்டும். திரெட்டில் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்த முறை இந்தப் போராட்டம் இருக்காது. ராஜபாளையம் ரோட்டில் ஒரு சுற்று போய்வந்து, வண்டி ஆறியதும் போல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள். புது காஸ்கெட் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.