மீன்தொட்டிக்கு எந்த மீட்டர்?

அக்வாபோனிக்ஸ் முறையில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் செடிக்கு உணவு. பாக்டீரியா பெருகும் முன் அம்மோனியா ஏறினால் மீனுக்கு ஆபத்து.

என் தொட்டியில் அம்மோனியா 4 பி.பி.எம். இருந்தும், பி.எச். பேனா 7 என்றதால் அசட்டையாக இருந்துவிட்டேன். ஒரே வாரத்தில் மூன்று மீன்கள் போயின. பிறகு பேனாவைச் சரிபார்த்தால், நீரின் உண்மையான பி.எச். 8! பேனாவுக்குச் செலவழித்தவன், அதைச் சரிபார்க்கும் கரைசலில் கஞ்சத்தனம் பார்த்திருந்தேன்.

சோதனையில் தெரிவது மொத்த அம்மோனியா. அதில் அயனியாகாத பகுதிதான் கடும் நஞ்சு. 25 டிகிரி செல்சியஸில், பி.எச். 7 என்றால் அது சுமார் 0.6 சதவீதம், 8 என்றால் 5 சதவீதத்துக்கும் மேல். ஏறத்தாழ ஒன்பது மடங்கு!

ஆகவே முதலில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பார்க்கும் சொட்டுச் சோதனைப் பெட்டியை வாங்குங்கள். அடுத்து பி.எச். பேனா, கூடவே 4, 7, 10 அளவுக் கரைசல்கள். மாதம் ஒருமுறையாவது சரிபாருங்கள். பேனாவின் முனை காயக்கூடாது, வாலைவடிநீரிலும் ஊறக்கூடாது. அதற்கென விற்கும் சேமிப்புக் கரைசலில்தான் இருக்கவேண்டும்.

டி.டி.எஸ். மீட்டருக்கு அவசரமில்லை. கரைந்த உப்புகளின் மொத்தத்தை அது சொல்லும். அம்மோனியாவைத் தனியே காட்டாது.